நிலவில் நண்டு இல்லை

றஞ்சிதாவின் முகநூல் பக்கத்தில் மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "இப்ப நிலவு. நண்டு இல்லை." படம் கிடையாது, பூ கிடையாது, மன்னிப்புக் கேட்டு ஒரு சொல்லும் கிடையாது. பக்கம் ஒரு பகல் சும்மா கிடந்தாலே கேக் விற்பவர்களும் சாரி விற்பவர்களும் பதறிப்போகிற காலம் இது. இந்தக் காலத்தில் தன் கடையைத் தானே பன்னிரண்டு நாள் பூட்டி வைக்கிற வியாபாரி மட்டக்களப்பு வாவியைச் சுற்றி அவள் ஒருத்திதான்.

காரணம் எளிது. அமாவாசையை ஒட்டிய இருட்டில் கொழுக்கும் வாவி நண்டு நிலவு காலத்தில் மெலிந்துவிடும். ஓடு பெரிதாகத்தான் இருக்கும், தராசில் வைத்தால் நிறையும் காட்டும். உடைத்தால் தண்ணீர் வடியும்; சதை நூல் நூலாக ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எல்லோரும் விற்றார்கள். வாங்குகிறவர் இருநூறு மைலுக்கு அப்பால் கொழும்பில் இருந்தார். அவர் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், கரையில் நண்டு வாங்கி அனுப்பும் வாடிக்காரர் தோணிக்காரரைக் காட்டுவார், தோணிக்காரர் ஆற்றைக் காட்டுவார்; வாவிக்கு அங்கே ஆறு என்றுதான் பெயர்.

2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது அந்த வாடிகளும் மூடின. நண்டு எடுக்கும் லொறி வரவில்லை. றஞ்சிதாவின் கணவன் துசாந்தன் பிடித்த நண்டு முற்றத்துச் சாக்குகளில் கிடந்து ஊர்ந்தது. பாதியை அயலுக்குக் கொடுத்தார்கள், மீதியைத் திரும்ப ஆற்றில் விட்டார்கள். மூன்றாம் நாள் றஞ்சிதா தன் கைப்பேசியில் ஒரு நண்டைப் படம் எடுத்து முகநூலில் போட்டாள். கீழே எழுதியது இவ்வளவுதான்: "உயிர் நண்டு. இருட்டு நண்டு. ஆருக்கும் வேணுமா?"

முதலில் கேட்டவர் தெய்வமணி டீச்சர். கல்லடியில் பிறந்தவர், ஓய்வு பெற்றபின் மகளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுக்குப் போனவர். மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றி அனுப்பிய அந்த முதல் பெட்டியைத் திறந்த டீச்சர் தொலைபேசியில் அழுதாராம். அவர் மாடியில் சொல்ல, கீழ் மாடி கேட்டது. கீழ் மாடி சொல்ல, அடுத்த ஒழுங்கை கேட்டது. நான்கு ஆண்டுகளில் றஞ்சிதாவுக்குக் கொழும்பில் நூற்றறுபது வீடுகள் சேர்ந்தன. இடையில் வாடி இல்லை, தரகர் இல்லை. அவள் முகம் தெரியாத வீடுகள்தான். ஆனால் "றஞ்சிதாட நண்டு" என்றுதான் அந்த வீடுகளில் சொன்னார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. துசாந்தனும் இன்னும் ஏழு தோணிக்காரரும் விடிய வெள்ளன கொண்டுவரும் நண்டு ஒவ்வொன்றையும் அவள் மல்லாத்திப் பிடித்து, அதன் கால் முளைக்கும் அடியில் பெருவிரலால் அமத்திப் பார்ப்பாள். கல்லுப்போல இருந்தால் பெட்டி. விரல் உள்ளே போனால் திரும்ப ஆற்றுக்கு. இதில் கணவனுக்கும் சலுகை இல்லை. "என்ட நண்டையும் அமத்திற நீ?" என்று துசாந்தன் கேட்பார். "உங்கட நண்டைத்தான் முதல் அமத்தணும்," என்பாள்.

நண்டின் கால்களைக் கட்டுவதும் பெட்டி அடுக்குவதும் அவளுடைய அண்ணன் கனகசூரியத்தின் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஆனால் ஒரு முடிச்சுக்கூட மற்ற முடிச்சுக்கு மாறாமல் கட்டுவார். றெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளைப் பெட்டியில் ஈரச் சாக்கு, அதன்மேல் நண்டு, மூடியில் ஆறு துளை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வளர்பிறை பத்திலிருந்து தேய்பிறை ஆறு வரை சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருப்பவரும் அவர்தான். சிவப்பு வட்டத்துக்குள் கடை இல்லை. சித்திரை வருடப் பிறப்பு அதற்குள் வந்தாலும் இல்லை.

2024 தை மாதம், வாவியைக் கடக்கும் மிதவையில் ஒரு வெள்ளை வாகனம் ஏறி இக்கரைக்கு வந்தது. இறங்கியவன் நிஷாந்த். இருபத்தேழு வயது, 'கரைக்கூடை' என்ற கொழும்புச் செயலியின் கிழக்குப் பகுதி ஆள். அந்தச் செயலியில் மீன், நண்டு, இறால் எல்லாம் விரலால் தட்டி வாங்கலாம். நல்ல பிள்ளையாகத்தான் பேசினான். செருப்பை வெளியே கழற்றினான், தேத்தண்ணியை முழுதாகக் குடித்தான்.

"அக்கா, நண்டை விக்கிற காலம் போயிட்டு. இப்ப கதையைத்தான் விக்கிற," என்றான். "உங்கட கதை சுப்பர் கதை."

"கதையை அவிச்சுத் திங்க ஏலுமா தம்பி?" என்று கேட்டார் கனகசூரியம், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிஷாந்த் சிரித்தான். "அண்ணே, ஆக்கள் முகத்தைப் பாத்துத்தான் வாங்குவாங்க. அக்காட முகம், இந்த ஆறு, இந்தத் தோணி. விளம்பரம் எல்லாம் எங்கட பொறுப்பு. நீங்க நண்டை மட்டும் தாங்க. ஆனா மாசம் முப்பது நாளும் தரணும். ஒரு நாள் 'இல்லை' எண்டு காட்டினா, தேடுற ஆக்களுக்குப் பேர் கீழ போயிடும்."

"நிலவுக்க தரமாட்டன்," என்றாள் றஞ்சிதா.

"கொழும்பில ஆரக்கா நிலவு பாக்கிற? அங்க லைட்டைத்தான் பாக்கிற."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வீடு தேடி வந்த பிள்ளை. படம் எடுக்கட்டுமா என்று கேட்டான், எடுக்கவிட்டாள். நண்டை அமத்திப் பார்ப்பதைக் காட்டச் சொன்னான், காட்டினாள். கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே, "உங்கட பேரையும் படத்தையும் போட்டு எங்கட அப்பில வித்தா நல்லா இருக்கும், என்னக்கா?" என்றான்.

"ஓம், பாப்பம்," என்றாள் றஞ்சிதா, சிரித்துக்கொண்டு.

இந்த இரண்டு சொல்லுக்கும் வாவியின் இரு கரையிலும் ஒரே பொருள்தான். வந்தவர் மனம் நோகக்கூடாது, ஆனால் விசயம் நடக்காது. கலியாணம் பேசி வந்தவருக்கும் இதுதான் பதில், சீட்டுப் பிடிக்கச் சொல்லி வந்தவருக்கும் இதுதான் பதில். "ஓம்" என்றால் காதில் விழுந்தது. "பாப்பம்" என்றால் போய்வாருங்கள். நிஷாந்துக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். வாகனத்தில் ஏறிப் போனான், பிறகு கதை இல்லை.

மாசிப் போயா, பௌர்ணமி விடுமுறை, அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. றஞ்சிதா திங்கட்கிழமையே வழமையான வரியைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை காலை தெய்வமணி டீச்சரின் அழைப்பு வந்தது.

"றஞ்சிதா, போயாவுக்கு மகள் குடும்பமா வந்தவ. நண்டுக்கறி நண்டுக்கறி எண்டு ரெண்டு நாளா வீடே சொல்லிக்கொண்டு இருந்த. உடைச்சா முழுக்கத் தண்ணி கா! சதையே இல்ல, வெறும் கோது! மருமகன் சிரிக்கிறார், இதுதானா உங்கட மட்டக்களப்பு நண்டு எண்டு."

"டீச்சர், நான் திங்கட்கிழமையே மூடிட்டனே. நான் அனுப்பல்ல."

"உன்ட முகத்தைப் பாத்துத்தானே புள்ள நான் வாங்கின! அந்தக் கூடை அப்பில நீதானே நிக்கிற, சிரிச்சுக்கொண்டு? பக்கத்தில நிலவு எண்டு மூடிப்போட்டு, அங்கால விக்கிறியா? நீயுமா றஞ்சிதா?"

அழைப்பு அறுந்தது. நான்கு ஆண்டுகள் அவள் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான், அது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உடைந்துபோயிற்று.

துசாந்தன் தன் கைப்பேசியில் அந்தச் செயலியை இறக்கினார். திறந்ததும் முதல் படமே அவள்தான். வலது புறங்கையில் நண்டு கடித்த தழும்பு, கையில் நண்டு, பின்னால் அவர்களுடைய தோணி. "படுவான்கரை றஞ்சிதா அக்கா தன் கையால் தெரிந்தெடுத்த சதைப்பற்றான நண்டு! போயா நீண்ட விடுமுறைச் சலுகை!" கீழே ஒன்பது விநாடி வீடியோ. "உங்கட பேரையும் படத்தையும் போட்டு எங்கட அப்பில வித்தா நல்லா இருக்கும், என்னக்கா?" என்று நிஷாந்தின் குரல். "ஓம்," என்று அவள் குரல். ஒரு சிரிப்பு. அதோடு வீடியோ முடிந்தது.

"பாப்பம் எங்க?" என்றார் கனகசூரியம். "நீ பாப்பம் எண்டு சொன்னதை நான் இஞ்ச இருந்து கேட்டன்தானே. அது எங்க போன?"

எங்கே போனது! வெட்டி எறிந்துவிட்டார்கள். அவள் படத்தை எடுத்தார்கள், பெயரை எடுத்தார்கள், வாயிலிருந்து வந்த இரண்டு சொல்லில் தங்களுக்கு வேண்டிய ஒன்றை எடுத்தார்கள். மற்றது அவளுடையது என்பதால் அதற்கு அங்கே இடமில்லை. எங்கிருந்தோ வாங்கிய நிலவு நண்டைப் பெட்டியில் அடுக்கி, அதன்மேல் அவள் முகத்தை ஒட்டி விற்றிருக்கிறார்கள். அதுவும் போயா தினத்தில், அவள் கடை எந்த ஆண்டிலும் திறக்காத நாளில்.

நிஷாந்துக்குக் கைப்பேசியில் அடித்தாள். ஐந்தாவது முறை எடுத்தான்.

"அக்கா, நீங்க ஓம் எண்டு சொன்னீங்கதானே. வீடியோ இருக்கு."

"பாப்பம் எண்டும் சொன்னதானே?"

"அது எடிட்டிங்கில போயிருக்கும்."

"தம்பி, உங்கட ஊர் எது?"

"ஆரையம்பதி அக்கா."

"அப்ப உங்கட அம்மா ஒராளுக்கு 'ஓம், பாப்பம்' எண்டு சொன்னா, அடுத்த நாள் அந்தாள் வீட்டுக்க வந்து அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகலாமா?"

நிஷாந்த் பேச்சை மாற்றினான். "அக்கா, இது உங்களுக்கும் விளம்பரம்தானே. எத்தினை ஆயிரம் பேர் உங்கட முகத்தைப் பாத்திருக்காங்க, சும்மாவே."

"என்ட முகத்தை வெச்சுக் கோது விக்கிறீங்க. அது எனக்கு விளம்பரமா?"

"கொம்பனி முடிவு அக்கா. நான் மேல சொல்லிப் பாக்கிறன்."

அந்த 'மேலே' யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கனகசூரியம் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். திகதி, கிழமை, வாகனம் வந்த நேரம், யார் எங்கே இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் இருந்தது. மூன்று பிரதி எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பதிவுத் தபாலில் போட விலாசம் தேடினால் செயலியில் விலாசமே இல்லை. 'உங்கள் கருத்து' என்று ஒரு பெட்டி மட்டும் இருந்தது. துசாந்தன் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து அதில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். முதல் பந்தி முடிவதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது.

"இவ்வளவு பெரிய கடைக்கு ஒரு வாசல்படி இல்லையா?" என்றார் கனகசூரியம். "வாடிக்காரன் கள்ளன் எண்டாலும் போய் நிண்டு ஏசலாம். இவங்களை எங்க போய் ஏசிற?"

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் றஞ்சிதாவின் பக்கத்தில் இருபத்துமூன்று பேர் எழுதியிருந்தார்கள். செயலியை ஏசவேண்டியவர்கள் அவளை ஏசினார்கள். அவளுடைய பக்கத்துக்குத்தான் முகமும் பெயரும் இருந்தன. ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. தண்ணி நண்டு, ஏமாற்று, இனி வேண்டாம். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. "நிலவில் நண்டு இல்லை என்று ஒரு பக்கம் நாடகம். மறுபக்கம் அதே நிலவில் வியாபாரம். கெட்டிக்காரி!" அவள் நேர்மையாகப் பூட்டி வைத்த பன்னிரண்டு நாளும் இப்போது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"எல்லாத்தையும் அழி றஞ்சி," என்றார் துசாந்தன். "இருந்தா பாக்கிற ஆக்கள் என்ன நினைக்கிற?"

"அழிச்சா மெய்யெண்டு ஆயிடும்," என்றாள் அவள். "ஒண்டையும் அழிக்கமாட்டன். இஞ்சப் பாருங்க, ஆத்தில வெச்ச கூட்டில நண்டு கிடக்கா?"

"கிடக்கும். நிலவு நண்டு."

"அதுதான் வேணும். பெரிசா ரெண்டு கொண்டு வாங்க."

துசாந்தன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். நிலவு நண்டை வீட்டுப் பக்கமே எடுக்கவிடாதவள் இவள். ஆனாலும் தோணியை இறக்கினார்.

பத்து மணிக்கு முற்றத்தில் அடுப்பு எரிந்தது. கனகசூரியம் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார். றஞ்சிதா நைட்டிக்கு மேல் துவாய் போட்டிருந்தாள். மாற்றச் சொன்னதற்கு, "நான் விளம்பரத்துக்கு நிக்கல்ல," என்றாள். நேரலை தொடங்கியது.

"நான் றஞ்சிதா. படுவான்கரை. இது இண்டைக்குக் காலையில எங்கட ஆத்தில புடிச்ச நண்டு. எவ்வளவு பெரிசு எண்டு பாருங்க. இப்ப அமத்துறன். விரல் உள்ள போகுது, தெரியுதா?" பானையில் போட்டாள். சிவக்கும் வரை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்து, சுடச்சுட, கல்லில் வைத்து ஓட்டை நீக்கினாள். தண்ணீர் கல்லிலிருந்து மண்ணுக்கு வழிந்தது. ஓட்டைக் கைப்பேசிக்கு அருகே கொண்டுபோனாள்.

"இதைத்தான் என்ட படத்தைப் போட்டு உங்களுக்கு வித்திருக்கிறாங்க. நான் அவங்களுக்கு ஒரு நண்டும் குடுக்கல்ல. என்னட்டக் கேட்டாங்க. நான் 'ஓம், பாப்பம்' எண்டன். மட்டக்களப்பு ஆக்களே, அதுக்கு என்ன கருத்து எண்டு நீங்க சொல்லுங்க. ஓமை எடுத்துக்கொண்டு பாப்பத்தை வெட்டிப்போட்டாங்க." துவாயால் முகத்தைத் துடைத்தாள். "என்ட பேரில நண்டு வந்தா பெட்டியைப் பாக்காதீங்க, படத்தைப் பாக்காதீங்க. ரெண்டையும் களவெடுக்கலாம். வெளிய வந்து மேல பாருங்க. பெரிய நிலவு நிண்டா அது என்ட நண்டில்ல. நிலவை ஒருத்தராலயும் எடிட் பண்ண ஏலா."

கடைசி வரி அவள் யோசித்துச் சொன்னதல்ல. கோபத்தில் வந்தது. ஆனால் அந்த வரிதான் ஓடியது. நேரலை நடக்கும்போது பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர்தான். மாலைக்குள் களுவாஞ்சிக்குடியிலிருந்து கனடா வரை பகிர்ந்திருந்தார்கள். "ஓம் பாப்பம் எண்டா எங்கட வீட்டில கதவைச் சாத்திற எண்டு கருத்து," என்று ஒருவர் எழுதியிருந்தார். "என்ட மாமி பதினாறு வருசமா ஓம் பாப்பம் எண்டுதான் சொல்றா," என்று இன்னொருவர்.

புதன்கிழமை செயலியில் அவள் முகம் இல்லை. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. முகம் மட்டும் மாறியிருந்தது. அதே இடத்தில், அதே பொய்யோடு, "படுவான்கரை ஜெயா அக்கா" என்று ஒரு பெண் நகப்பூச்சுப் போட்ட விரலால் நண்டின் கடிகாலைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கரை முழுக்க விசாரித்தார்கள். அப்படி ஒரு ஜெயா அக்கா எந்தத் தோணித்துறையிலும் இல்லை.

"உயிர் நண்டெண்டா அந்த விரல் இப்ப அங்க இருக்காது," என்றார் கனகசூரியம். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் றஞ்சிதாவுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு நடந்தது தவறு என்று அவர்களுக்கு விளங்கவில்லை. வாயில்லாத முகம் ஒன்று வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

எழுதிய இருபத்துமூன்று பேருக்கும் அவள் தனித்தனியே பதில் போட்டாள். ஒன்பது பேர் தங்கள் எழுத்தை எடுத்தார்கள். பதினான்கு இன்றும் அப்படியே இருக்கிறது. போனவர்களில் சிலர் போனவர்கள்தான்.

தெய்வமணி டீச்சரிடமிருந்து ஒரு கிழமையாக ஒன்றும் இல்லை. மற்ற நூற்றைம்பத்தொன்பது வீடும் திரும்பி வந்து அந்த வீடு வராவிட்டால், வந்ததாக அவள் எண்ணப்போவதில்லை. நாட்காட்டியில் சிவப்பு வட்டங்கள் முடிந்த சனிக்கிழமை விடியற்காலை, பெட்டிகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது.

"றஞ்சிதா, நான் விடிய எழும்பிப் பல்கனிக்கு வந்த. இந்த மாடிகளுக்கு இடையில தேடித் தேடிக் கண்டுபிடிச்ச. நிலவு அரைவாசிக்கு வந்திட்டு. கீழ் மாடி மிசிசும் வந்து பாத்தவ. இனி ஓடர் பண்ணலாமா கா? நாலு கிலோ போடு. பிறகு புள்ள... அண்டைக்கு நான் கதைச்சதை மனசில வைக்காத."

றஞ்சிதா அதை மூன்று முறை கேட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த பழைய வரியை எடுத்துவிட்டு, "இருட்டுத் துவங்கிட்டு" என்று போட்டாள்.

அமாவாசைக்கு முதல் நாள் நிஷாந்த் அடித்தான். அவள் கையில் நண்டு இருந்ததால் அண்ணன்தான் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, கோவமா இருப்பீங்க, தெரியும். இப்ப ஆக்கள் ஓடர் பண்ணக்கொள்ள 'இருட்டு நண்டா, நிலவு நண்டா' எண்டு கேக்கிறாங்க. எங்களால பதில் சொல்ல ஏலாம இருக்கு. மேல கதைச்சிட்டன். இந்த முறை எல்லாம் உங்கட நிபந்தனைதான். இருட்டுக்க மட்டும் தாங்க. 'றஞ்சிதா அக்காவின் இருட்டு நண்டு' எண்டு தனியாவே ஒரு பகுதி போடுறம்."

அவள் நண்டை மல்லாத்தினாள்.

"அக்கா? பாப்பம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க அக்கா."

கனகசூரியம் முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"ஓம் தம்பி," என்றாள் றஞ்சிதா.

மறுபக்கம் நிம்மதியாக மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"பாப்பம்," என்றாள். நண்டின் காலடியில் அமத்தினாள். விரல் உள்ளே போயிற்று. நண்டைத் தூக்கி ஆற்றுக்குப் போகும் சாக்கில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.